காமிக்ஸா, குறும்படமா? எதை முதலில் தொடுவது?

கேள்வி: எட்டு ஆண்டுகளாக மாதம் ஓர் அத்தியாயம் என்று அறிவியல் புனைகதைத் தொடர் ஒன்று எழுதிவருகிறேன். வியாழனின் நிலவான யூரோப்பாவில், பனிக்கு அடியில் இருக்கும் ஒரு சிங்கப்பூர்க் குடியிருப்பில் கதை நடக்கிறது. 90 அத்தியாயம் தாண்டிவிட்டது. வாட்ஸ்அப் குழுவில் ஒரு நானூறு பேர் படிக்கிறார்கள். பாலிடெக்னிக்கில் அனிமேஷன் படிக்கும் அக்கா மகன் இதைக் காமிக்ஸாக வரைகிறேன் என்கிறான். நண்பர் ஒருவர், "குறும்படம் எடுப்போம், பணம் நான் போடுகிறேன்" என்கிறார். எதை முதலில் செய்வது? முதல் அத்தியாயத்திலிருந்தே ஆரம்பிக்க வேண்டுமா? உரிமை யாருக்குப் போகும்?
– ஈசூன் வாசகர்

பதில்: காமிக்ஸை முதலில் தொடுங்கள். குறும்படம் அப்புறம். இரண்டிலுமே முதல் அத்தியாயத்துப் பக்கம் போகாதீர்கள்.

உங்கள் நானூறு பேருக்கும் முதல் அத்தியாயம் தெரியும். நாயகியின் முகத்தை ஆளுக்கு ஒன்றாக மனதில் வைத்திருப்பார்கள். அதையே வரைந்து காட்டினால் "இவள் இப்படி இருக்க மாட்டாளே" என்றுதான் பேச்சு தொடங்கும். புதிதாக வருகிறவருக்கோ, பின்னால் 90 அத்தியாயம் காத்திருக்கிறது என்று தெரிந்ததும் மலைப்பு வந்துவிடும். இரண்டு தரப்புக்கும் பொருந்துகிற வாசல், தொடரில் ஓரமாக நின்றுபோன ஓர் ஆள்தான். காற்று வடிகட்டியைக் கழுவுகிற அண்ணன், உணவுக்கூடத்தில் தட்டு எடுக்கிற பாட்டி, இப்படி யாராவது நிச்சயம் இருப்பார்கள். அவரை வைத்து 24 பக்கத்தில் தொடங்கி 24 பக்கத்திலேயே முடிகிற ஒரு கதை எழுதுங்கள்.

பெரிய தொடர்கள் இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டன. 1977-ல் ஸ்டார் வார்ஸ் திரைக்கு வருவதற்குச் சில வாரங்கள் முன்பே மார்வெல் நிறுவனம் அதன் காமிக்ஸைக் கடைக்கு அனுப்பிவிட்டது. முதல் ஆறு இதழ்களும் படத்தின் கதை. ஏழாவது இதழிலிருந்து அவர்களே கதை கட்ட வேண்டிய நிலை. அடுத்த படத்தில் என்ன வரப்போகிறது என்று தெரியாமல் எழுதினால் என்ன ஆகும்? எட்டாவது இதழிலேயே ஆளுயரப் பச்சை முயல் ஒன்று துப்பாக்கியோடு வந்து நின்றது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2015-ல் அதே மார்வெல், ஸ்டார் வார்ஸின் வில்லன் டார்த் வேடருக்குத் தனி இதழ் தொடங்கியபோது, முதல் படத்தில் அவர் தோற்றதற்கும் அடுத்த படத்தில் அவர் மறுபடி ஓங்கி நிற்பதற்கும் நடுவே இருந்த இடைவெளியைக் களமாக எடுத்துக்கொண்டார்கள். தொடக்கமும் முடிவும் வாசகருக்குத் தெரியும். நடுவில் நடந்ததைச் சொல்கிறார்கள். உங்கள் 90 அத்தியாயத்திலும் அப்படி "மூன்று மாதம் கழித்து" என்று ஒரு வரியில் தாண்டிப்போன இடங்கள் இருக்கும். அவற்றையெல்லாம் முதலில் ஒரு தாளில் குறித்து வையுங்கள். காமிக்ஸுக்கான சுரங்கம் அதுதான்.

இப்போது சண்டை வருகிற இடத்துக்கு வருவோம். காமிக்ஸில் ஒன்று, படத்தில் ஒன்று, உங்கள் எழுத்தில் ஒன்று என்று நடந்தால் எது நிஜம்?

ஏலியன் தொடரின் இரண்டாவது படம் 1986-ல் வந்தது. அதில் ஹிக்ஸ் என்ற சிப்பாயும் நியூட் என்ற சிறுமியும் உயிர் தப்புகிறார்கள். 1988-ல் டார்க் ஹார்ஸ் நிறுவனம் அங்கிருந்து காமிக்ஸைத் தொடர்ந்தது. நியூட்டை வளர்ந்த பெண்ணாக்கி, அவளைச் சுற்றியே கதையை நகர்த்தியது. நல்ல காமிக்ஸ் அது. 1992-ல் மூன்றாவது படம் வந்து, தொடக்கத்திலேயே இரண்டு பேரையும் கொன்றுவிட்டது. காமிக்ஸ்காரர்கள் என்ன செய்வார்கள்? மறுபதிப்பில் நியூட்டுக்கு பில்லி என்றும் ஹிக்ஸுக்கு வில்க்ஸ் என்றும் பெயரை மாற்றிவிட்டார்கள். கதை அதே கதை, ஆள் மட்டும் வேறு ஆள். எதிர்ப்பக்கமும் நடந்திருக்கிறது: ஏலியனையும், வேறொரு படத்தொடரின் வில்லனான பிரிடேட்டரையும் மோதவிட்ட கதை 1989-ல் காமிக்ஸாக வந்தது, அந்த மோதல் படமாக வர 2004 ஆயிற்று.

உங்கள் விஷயத்தில் மூத்தது எழுத்துதான். இதை முதல் நாளே எழுதிவைத்து மூன்று பேரும் படித்துவிடுங்கள்: தொடரில் வந்ததே இறுதி, அதற்கு அடுத்தது காமிக்ஸ், கடைசியில் படம். அக்கா மகனுக்கு அருமையான யோசனை ஒன்று வந்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஓர் அத்தியாயத்தில் எழுதிய பிறகே அது யூரோப்பாவின் வரலாறு. முன்கூட்டியே தீர்க்காமல் விட்டால் பிறகு கத்தரிக்கோல்தான். ஸ்டார் வார்ஸை டிஸ்னி வாங்கிய பின் 2014-ல், அதுவரை குவிந்திருந்த நாவல்களையும் காமிக்ஸ்களையும் "லெஜெண்ட்ஸ்" என்று பெயர் சூட்டி ஒதுக்கிவைத்தார்கள். அவற்றைப் படித்தே வளர்ந்தவர்களின் கோபம் இன்னும் ஆறவில்லை.

அக்கா மகன் பென்சிலை எடுப்பதற்கு முன் 90 அத்தியாயத்தையும் படித்தாக வேண்டும். பெரும்பாலும் படித்திருக்க மாட்டான், கேட்டுப் பாருங்கள். 1967-ல் ஸ்டார் டிரெக் தொலைக்காட்சித் தொடருக்கு முதல் காமிக்ஸ் வந்தபோது அதை வரைந்த இத்தாலிய ஓவியர்கள் அந்தத் தொடரைப் பார்த்ததே இல்லை. கையில் கிடைத்த புகைப்படங்களை வைத்து வரைந்தார்கள். விண்கலத்தின் பின்னால் ராக்கெட் போல நெருப்பு பறந்தது அப்படித்தான்.

உங்கள் யூரோப்பாவுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அங்கே ஈர்ப்பு பூமியில் இருப்பதில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. எழுத்தில் "அவன் நடந்தான்" என்று தப்பித்துவிடலாம். படத்தில் அவன் எப்படி நடந்தான் என்று வரைந்தே ஆக வேண்டும். உணவுக்கூடத்தில் ஒருவர் தே தாரிக் இழுக்கிறார் என்று வையுங்கள். இங்கே ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தேநீர் விழ அரை விநாடிகூட ஆகாது. அங்கே ஒன்றேகால் விநாடி ஆகும். தாரை மெதுவாக, சோம்பலாக இறங்கும். குவளையில் பட்டுத் தெறிக்கிற துளிகளும் மெதுவாகவே எழும்பி விழும். இந்த ஒரு காட்சியை முழுப் பக்கத்துக்கு வரையச் சொல்லுங்கள். யூரோப்பா என்று தலைப்பில் போட வேண்டிய அவசியமே இராது. முடி, சேலை முந்தானை, படிக்கட்டின் உயரம் எல்லாவற்றுக்கும் இப்படிக் கணக்குப் போட்டு ஒரு குறிப்பேட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, உரிமை. குடும்பம்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

சிங்கப்பூரில் பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை. எழுதிய, வரைந்த கணத்திலேயே வந்துவிடும். கதை உங்களுடையது. ஆனால் அக்கா மகன் உங்களிடம் சம்பளத்துக்கு வேலை செய்யாதவரை, அவன் வரைந்த படம் அவனுடையது. ஆக, ஒருவர் இல்லாமல் மற்றவர் அந்தக் காமிக்ஸை அச்சிட முடியாது. உரிமையை ஒருவர் மற்றவருக்கு மாற்றித் தருவதென்றால் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும், வாய்ப்பேச்சு செல்லாது. நண்பர் விஷயத்திலும் கவனம். 2021 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள புதிய பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் காசு கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னாலும், ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாவிட்டால், முதல் உரிமை படத்தை உருவாக்கியவருக்கே. முன்பு நிலைமை தலைகீழ். பணம் போடுகிற நண்பருக்கு இது தெரியாமல் இருக்கலாம், நீங்களே சொல்லிவிடுங்கள்.

இதற்கு டாலெக் கதையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பிபிசி-யின் டாக்டர் ஹூ தொலைக்காட்சித் தொடரில் 1963 டிசம்பரில் வந்த அந்த இயந்திர வில்லன்களைக் கதையில் படைத்தவர் டெர்ரி நேஷன். அவர் வெளியிலிருந்து எழுதிக் கொடுத்தவர், அதனால் உரிமையில் அவருக்குப் பங்கு இருந்தது. பொம்மை, காமிக்ஸ், 1965-லும் 1966-லும் வந்த இரண்டு சினிமாக்கள் என்று டாலெக் போன இடமெல்லாம் அவருக்கு வரும்படி. குழந்தைகளை நடுங்கவைத்த அந்த உருவத்தை வடிவமைத்தவர் ரேமண்ட் கியூசிக். அவர் பிபிசி-யில் மாதச் சம்பளக்காரர், ராயல்டி கிடையாது. உங்கள் யூரோப்பாவில் பனிக்கடல் பிராணி ஏதாவது இருந்து, அது நாளைக்கு டி-சட்டையில் ஏறினால், அக்கா மகன் டெர்ரி நேஷனா, கியூசிக்கா? இந்தக் கேள்வியை இப்போதே கேட்டால் சிரித்துக்கொண்டே பதில் சொல்லலாம். என் யோசனை: கதைமாந்தர்களும் உலகமும் உங்களுக்கு, வரைந்த பக்கங்கள் அவனுக்கு, காமிக்ஸில் வருகிற ஒவ்வொரு வெள்ளியும் சரிபாதி, உருவத்தை வேறு எங்கே பயன்படுத்தினாலும் அவனுக்கு ஒரு பங்கு. இரண்டு பக்கத்தில் முடிகிற ஒப்பந்தம்தான். வழக்கறிஞர் ஒருவர் பார்த்துவிட்டால் இன்னும் நிம்மதி.

காமிக்ஸில் வசனம் வருகிற பலூனில் தமிழ் எழுதுவது தனிக் கலை. "பார்த்துக்கொண்டிருந்தார்கள்" என்ற ஒரு சொல் ஒரு வரியையே விழுங்கிவிடும். 1972-ல் இரும்புக்கை மாயாவியோடு முத்து காமிக்ஸ் தொடங்கிய காலத்தில், ஆங்கிலத்துக்காக வரைந்த பலூனுக்குள் தமிழை அடக்க வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வசனத்தை முதலில் எழுதி, பலூனை வைத்து, அப்புறம் படத்தை வரையச் சொல்லுங்கள். பலூனுக்குள் பேச்சுத் தமிழ், கட்டத்துக்குள் கதை சொல்லும்போது எழுத்துத் தமிழ் என்று வைத்தால் இடமும் மிச்சம், காதுக்கும் இதம். ஒரு பலூனில் 15 சொல்லுக்கு மேல் போனால் பாதியை வெட்டுங்கள்.

அச்சுக்குப் போகும்போது ஒரு விஷயம். நான் முதன்முதலில் தொகுத்த சிறிய காமிக்ஸ் புத்தகத்தில், கோப்பு அச்சகத்துக் கணினியில் திறந்ததும் எழுத்துகள் கலைந்துபோயின. "மேகம்" என்பதில் இரட்டைக்கொம்பு ம-வுக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருந்தது. முன்னூறு பிரதி. யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட. இன்டிசைன் போன்ற மென்பொருளில் தமிழ் எழுத்துகள் சரியாக அமைய வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற வசதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதோடு, அச்சகத்துக்கு அனுப்புமுன் எழுத்தையெல்லாம் கோட்டுருவமாக (அவுட்லைன்) மாற்றிவிடுங்கள். யார் கணினியிலும் கலையாது. ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண்ணைத் தேசிய நூலக வாரியத்திடம் வாங்க வேண்டும். விற்பனைக்கு வந்த நான்கு வாரத்துக்குள் இரண்டு பிரதிகளை அவர்களிடம் ஒப்படைப்பது சட்டம். முதல் பதிப்புக்கு 100 பிரதி போதும். நானூறு பேர் படிக்கிறார்கள் என்பதற்காக நானூறு அடித்து, கட்டிலுக்கடியில் அடுக்கி வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும்.

கடைசியாகப் படம். காமிக்ஸுக்கு யூரோப்பாவைக் கொடுத்தாயிற்று. படத்தைப் பூமிக்குக் கொண்டுவாருங்கள். மிதந்து நடக்கிற ஆட்களையும் பனிக்கூரையையும் குறும்படப் பணத்தில் எடுக்கப் பார்த்தால் தெர்மோகோல்தான் தெரியும். அதற்குப் பதில் இப்படி யோசியுங்கள்: வியாழனிலிருந்து ஒரு செய்தி பூமிக்கு வர, கோள்களின் தூரத்தைப் பொறுத்து, ஏறக்குறைய 35 முதல் 50 நிமிடம் ஆகும். ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறையில் ஓர் அம்மா. மகனின் குரல் வருகிறது, "சாப்பிட்டியாம்மா?" என்கிறது. அவர் பதில் சொல்கிறார். அந்தப் பதில் போய், அவன் மறுபடி பேசி, அது வந்து சேர ஒன்றரை மணி நேரம்கூட ஆகலாம். அதற்குள் சோறு வெந்துவிடும், மழை வந்து நின்றுவிடும், துணி எடுத்தாகிவிடும். ஒரு வீடு, ஒரு நடிகை, ஒரு குரல். பத்து நிமிடப் படம். மகன் யார் என்பது உங்கள் வாசகருக்கு மட்டும் தெரியும். தெரியாதவருக்கும் படம் புரியும்.

புளோக்கின் கீழ்த்தளத்திலோ தாழ்வாரத்திலோ எடுப்பதென்றால் நகர மன்றத்திடம் அனுமதி கேளுங்கள். பொதுவில் திரையிட, தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் தரச்சான்று வேண்டும். இந்தக் கதைக்கு ஜி (எல்லாரும் பார்க்கலாம்) அல்லது பிஜி (பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்கலாம்) கிடைப்பதில் சிரமம் இராது. நண்பர் பணம் போடுகிறேன் என்கிறார் அல்லவா, முதலில் அவர் வீட்டுச் சமையலறையை ஒரு சனி, ஞாயிறு தருவாரா என்று கேட்டுவிடுங்கள்.