பக்கத்து நாற்காலி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் தளத்தைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. அப்பா படுத்த படுக்கையாக இருந்த காலம் முழுக்க, அவர் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு நாவல் நாவலாகப் படித்துத் தள்ளினேன். காதல், போர், குடும்பப் பகை, கொலை எல்லாம் இருந்தன. நான் உட்கார்ந்திருந்த அந்த அறை மட்டும் எதிலும் இல்லை. அப்பா போனபிறகு யோசித்தால், என் வாழ்க்கையில் பெரும்பகுதி புத்தகங்களில் இல்லை என்றே தோன்றுகிறது. நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களின் நாட்கள், கூடப்பிறந்தவர்களுக்கு நடுவே வரும் பணக் கணக்கு, சண்டையே போடாமல் விட்டுப்போகிற சிநேகிதம், கல்யாணம் செய்துகொள்ளாமல் சாதாரணமாக வாழ்வது... இதையெல்லாம் ஏன் யாரும் எழுதுவதில்லை? பதிப்பகங்கள் வேண்டாம் என்கின்றனவா? எழுதியிருக்கிறார்கள் என்றால் ஒரு பட்டியல் தர முடியுமா?

அன்புடன்,
(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள வாசகிக்கு,

இதே புகாரை உங்களுக்கு முன்னால் ஒருவர் சொல்லியிருக்கிறார். 1926இல் ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப் நோயைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எல்லா மனிதர்களும் நோயில் விழுகிறார்கள், அது மனதை இவ்வளவு புரட்டிப்போடுகிறது, அப்படியிருந்தும் காதலுக்கும் போருக்கும் பொறாமைக்கும் பக்கத்தில் இலக்கியம் அதற்கு ஏன் இடம் தரவில்லை என்று அதில் கேட்டார். அடிக்கடி படுக்கையில் விழுந்தவர் அவர், கேட்க உரிமை இருந்தது. அப்புறம் நிலைமை நிறையவே மாறிவிட்டது. புற்றுநோய், மனச்சோர்வு, பக்கவாதம் என்று நோயுற்றவர்கள் தங்கள் கதைகளைத் தாங்களே எழுதிவிட்டார்கள். ஆனால் அவையெல்லாம் கட்டிலில் இருந்து எழுதப்பட்டவை. நீங்கள் கேட்பது பக்கத்து நாற்காலியின் கதை. அந்த இடத்தில் இன்னும் ஆள் குறைவுதான்.

டால்ஸ்டாயின் 'இவான் இலியிச்சின் மரணம்' 1886இல் வந்தது. சாவை இவ்வளவு கிட்டத்தில் போய்ப் பார்த்த கதை அதிகம் கிடையாது. அதில் கெராசிம் என்ற வேலைக்காரன் வருகிறான். கால்களை உயர்த்திப் பிடித்தால் இவான் இலியிச்சுக்கு வலி குறைகிறது. கெராசிம் அவற்றைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருக்கிறான். வீட்டில் அத்தனை பேரும் பொய் சொல்லும்போது அவன் மட்டும் பொய் சொல்வதில்லை. மனதைத் தொடும் இடம், சந்தேகமில்லை. ஆனால் கெராசிமின் தோள் வலித்ததா? நடு ராத்திரியில் "இந்த மனுஷன் தூங்கித் தொலைக்கக் கூடாதா" என்று ஒரு கணமாவது அவன் நினைத்தானா? கதை நமக்குச் சொல்வதில்லை. அவன் இளைஞன், திடமானவன், முகம் சுளிக்காதவன். நோயாளி காண விரும்புகிற ஆள். நாற்காலியில் உட்கார்ந்தவருக்குத் தெரியும், அப்படி ஓர் ஆள் கிடையாது என்று.

உங்களுக்கு நெருக்கமானது காஃப்காவின் 'உருமாற்றம்' (1915) என்றால் சிரிப்பீர்களா? மகன் பூச்சியாக மாறிவிடுகிற கதை அது. அந்தப் பூச்சியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். சம்பாதித்துக்கொண்டிருந்த மகன் ஒருநாள் காலையில் எழுந்திருக்க முடியாமல் போகிறான். அவனுடைய முதல் கவலை ரயிலைத் தவறவிட்டது பற்றி, வேலையைப் பற்றி. பெற்றோர் பட்ட கடனை அடைக்கத்தான் அந்த வேலையில் கிடக்கிறான். அவனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு தங்கை தலையில் விழுகிறது. ஆரம்பத்தில் அவள் எவ்வளவு அக்கறை எடுக்கிறாள் பாருங்கள்! அவனுக்கு எது பிடிக்கும் என்று தெரியாததால் பழைய செய்தித்தாளில் பலவகைப் பண்டங்களைப் பரப்பி வைத்துவிட்டு, தன் முன்னால் சாப்பிடக் கூச்சப்படுவான் என்று வெளியே போய்விடுகிறாள். அதே சமயம், அவன் தொட்ட பாத்திரத்தை வெறுங்கையால் எடுப்பதில்லை, துணியால் பிடித்துத்தான் எடுக்கிறாள். உள்ளே வந்ததும் ஓடிப்போய் ஜன்னலைத் திறக்கிறாள். பாசமும் அருவருப்பும் ஒரே கையில் இருப்பதை காஃப்கா எந்த விளக்கமும் இல்லாமல் காட்டிவிடுகிறார்.

நாளாக நாளாக அவளுக்கும் வேலைக்குப் போகவேண்டி வருகிறது, களைத்துப்போகிறாள். கைக்கு அகப்பட்டதைக் காலால் உள்ளே தள்ளிவிட்டு, சாயங்காலம் அவன் அதைத் தொட்டானா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் துடைப்பத்தால் கூட்டி எடுக்கிறாள். சுவரோரம் அழுக்கு படிகிறது. கடைசியில், இதை எப்படியாவது தொலைத்தாக வேண்டும் என்று முதலில் வாய்விட்டுச் சொல்வதும் அவள்தான். மற்றவர்களைவிட அதிகம் செய்தவள் சொல்கிறாள். அதிகம் செய்ததால்தான் சொல்கிறாள் என்பது என் வாசிப்பு. அவன் செத்தபிறகு மூன்று பேரும் வேலைக்கு விடுப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு டிராம் ஏறி ஊருக்கு வெளியே போகிறார்கள். வண்டிக்குள் வெயில் அடிக்கிறது. எதிர்காலத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்தப் பக்கங்களைக் கொடூரம் என்பவர்கள் உண்டு. நீங்கள் அப்படிச் சொல்லமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

சரி, இதை நேராக எழுதினால் என்ன, எதற்குப் பூச்சி? அங்கேதான் எழுதுகிறவனின் சங்கடம் இருக்கிறது. படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கவேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை. முழங்காலை மடக்கி, ஒரு கையைத் தோளிலும் மறு கையை இடுப்பிலும் கொடுத்து, தன் பக்கமாக உருட்டவேண்டும். அப்போதே பழைய விரிப்பைச் சுருட்டி முதுகோடு ஒதுக்கி, புதிய விரிப்பைப் பாதி விரித்து, அவரை அந்த மேட்டைத் தாண்டி மறுபக்கம் உருட்டி, மிச்சத்தை இழுத்துவிடவேண்டும். குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடிப்பக்கம் ஆகிய இடங்களைப் பார்க்கவேண்டும். சிவந்திருந்தால் விரலால் அழுத்திப் பார்ப்பார்கள். வெளுத்து மீண்டும் சிவந்தால் பரவாயில்லை. வெளுக்காத சிவப்பு என்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது.

இதை ஒருமுறை எழுதினால் வாசகர் கூர்ந்து படிப்பார். இரண்டாம் முறை பக்கத்தைத் தள்ளுவார். ஆனால் அந்த வேலையின் சாரமே இரண்டாம் முறையிலும் இருநூறாம் முறையிலும்தான் இருக்கிறது. நாவல் என்ற வடிவம் ஏதாவது நடக்கவேண்டும் என்று காத்திருக்கிறது. அந்த அறையில் நடக்கக்கூடிய ஒரே பெரிய நிகழ்ச்சி மரணம். அதற்காகக் காத்திருக்கிறோம் என்று அங்கே யாரும் ஒப்புக்கொள்ள முடியாது. ஆகவே எழுதுகிறவர்கள் சுலபமான வழியில் போகிறார்கள். பார்த்துக்கொள்கிறவரைத் தியாகி ஆக்கிவிடுகிறார்கள், இல்லையென்றால் சொத்துக்கு அலைகிறவர் ஆக்கிவிடுகிறார்கள். ஈர விரிப்பைப் பார்த்ததும் பொங்கிய கோபம், அதில் ஒரு கடுஞ்சொல், அது அவருக்குக் கேட்டிருக்குமோ என்று விடியும்வரை உறுத்தல், விடிந்ததும் அதே விரிப்பு. இந்தச் சுற்று இரண்டு வகையிலும் அடங்காது. ஒரே ஒரு ராத்திரியை மட்டும் எடுத்துக்கொண்டு, பன்னிரண்டில் ஐந்தாறு தடவைகளை முழுசாக எழுதும் தைரியம் உள்ள நாவலாசிரியர் யாராவது வந்தால் நன்றாக இருக்கும்.

அடுத்தது பணம். இங்கே உங்கள் புகாரை இன்னும் கடுமையாகச் சொல்ல எனக்கு ஆசை. படுக்கையறையைக் கூசாமல் திறந்து காட்டுகிற நாவல், பாஸ்புக்கைத் திறந்து காட்டுவதில்லை. பாத்திரங்கள் வேலைக்குப் போகிறார்கள், வீடு மாறுகிறார்கள், மருத்துவமனையில் கிடக்கிறார்கள். எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, யார் கொடுத்தார்கள் என்று நமக்குத் தெரியவே தெரியாது.

முன்பு இப்படி இல்லை. 1857இல் புத்தகமாக வந்த ஃப்ளாபேரின் 'மேடம் பொவாரி'யை நாம் கள்ளக்காதல் கதையாக ஞாபகம் வைத்திருக்கிறோம். ஆனால் கதைநாயகி எம்மா விஷம் தின்பது காதல் தோற்ற நாளில் இல்லை, கடன் கழுத்தை இறுக்கிய நாளில். துணிக்கடைக்காரர் லெர்ரோ கையெழுத்து வாங்கிய கடன் பத்திரங்களைப் புதுப்பித்துப் புதுப்பித்து, கடைசியில் வீட்டுச் சாமான்கள் ஜப்தியாகும் நிலை வருகிறது. அவள் ஆள் ஆளாகப் போய் நிற்கிறாள். கடைசியாகப் பழைய காதலன் ரொடோல்ஃபிடம் போய் மூவாயிரம் பிராங்க் கேட்கிறாள். தன்னிடம் இல்லை என்கிறான். ஃப்ளாபேர் தொகைகளையும் தவணைகளையும் விடாமல் எழுதியிருக்கிறார். நாம்தான் அந்தப் பக்கங்களை வேகமாகத் தாண்டிவிட்டோம்.

நம் மரபிலும் இது இல்லாமல் இல்லை. அகநானூற்றின் 400 பாடல்களில் ஒற்றைப்படை எண் பெற்ற 200 பாடல்களும் பாலைத்திணை, பிரிவைப் பாடுபவை. அவற்றில் எத்தனையோ பாடல்களில் தலைவன் போவது பொருள் தேடி. போவதா, இவளோடு இருப்பதா என்று தன் நெஞ்சோடு அவன் வாதாடுகிறான். காட்டு வழியின் வெம்மை வருகிறது, காத்திருப்பவளின் மெலிவு வருகிறது. போன இடத்தில் அவன் என்ன வேலை செய்தான், யாரிடம் குனிந்தான், கொண்டுவந்தது போதுமானதாக இருந்ததா என்பது பெரும்பாலும் பாட்டுக்கு வெளியே நின்றுவிடுகிறது. அது கவிதை, அதற்கு அந்த எல்லை பொருத்தம்தான். நாவலுக்கு அந்தச் சலுகை ஏன்?

கூடப்பிறந்தவர்கள் கணக்கு என்று எழுதியிருந்தீர்கள். பணம் அனுப்புகிறவர், பக்கத்தில் இருப்பவர், வெறுமனே போன் செய்து "டாக்டர் என்ன சொன்னார்" என்று கேட்கிறவர் – மூன்று பேருமே தான்தான் அதிகம் செய்ததாக நம்புவார்கள். மூன்று பேரிடமும் கொஞ்சம் நியாயம் இருக்கும். தூரத்தில் இருப்பவரின் குற்றவுணர்ச்சி வரும்போதெல்லாம் அதட்டலாக மாறி இறங்கும். இதில் வில்லன் கிடையாது. வில்லன் இல்லாத சண்டையை எழுதுவது கடினம், ஆனால் எழுதினால் ஒரு முழு நாவலுக்குத் தாங்கும். உங்கள் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

சண்டையில்லாமல் விட்டுப்போகும் நட்பு பற்றி அதிகம் சொல்ல இல்லை. திருக்குறள் நட்புக்கும் அதன் போலிகளுக்கும் ஐந்து அதிகாரங்கள் ஒதுக்குகிறது. எப்படித் தேர்ந்தெடுப்பது, பழகியபின் எப்படிப் பொறுத்துப்போவது, எதை உதறுவது என்று எல்லாம் உண்டு. யாரும் உதறாமலே போய்விட்டது பற்றி ஓர் அதிகாரம் கிடையாது. புறநானூற்றில் நண்பனோடு வடக்கிருந்து (உண்ணாமல் வடக்கு நோக்கி அமர்ந்து) உயிர்விட்ட பிசிராந்தையார் இருக்கிறார். அந்த உச்சத்துக்கு முன்னால், பதில் போட மறந்த குறுஞ்செய்தி ஒன்று கதையாகுமா என்று எழுதுகிறவர்கள் கூசுகிறார்கள் போல. ஒரு நல்ல சிறுகதைக்கு அது போதும். நாவலாக இழுக்கவேண்டாம்.

கல்யாணம் செய்யாமல் வாழ்வது பற்றி உங்களோடு கொஞ்சம் வேறுபடுகிறேன். தனியாக வாழ்கிறவரைச் சோகமாகக் காட்டும் புத்தகங்கள் எரிச்சலூட்டுகின்றன, சரி. அதற்குப் பதிலாக "தனிமையே விடுதலை" என்று கொடி பிடிக்கும் புத்தகங்கள் வந்தால் உங்களுக்குச் சந்தோஷமா? நீங்கள் 'சாதாரணமாக' என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சாதாரணம் ஒரு கருப்பொருளாக மேடையேறிய உடனே செத்துவிடும். கதையின் நாயகி வேறு ஏதோ ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டிருக்கிறாள், அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை, அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை என்று இருந்தால் போதாதா?

பதிப்பகங்கள் பற்றிக் கேட்டீர்கள். அவர்கள் எதற்கும் தடை போட்டதாக நான் நினைக்கவில்லை. பார்க்கப்போனால், 'முதுமை', 'பராமரிப்பு' என்று முத்திரை குத்திய புத்தகங்களை அவர்களே விரும்பிக் கேட்கவும் கூடும். எனக்கு அதுதான் பயம். ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு அதற்கு ஆட்களைத் தேடிப் பிடித்து எழுதிய நாவல், மருத்துவமனை வரவேற்பறையில் வைத்திருக்கும் துண்டுப்பிரசுரம் மாதிரி இருக்கும். எல்லாத் தகவலும் சரியாக இருக்கும், ஆள் இருக்கமாட்டார். நீங்கள் படித்த நாவல்களில் அந்த அறை இல்லாமல் போனதற்குத் தலைப்புகளின் பஞ்சம் காரணமில்லை. எழுதியவர்கள் வாசல்வரை வந்து, 'பிறகு நோய் முற்றி இறந்தார்' என்று ஒரு வரியில் கடந்துவிட்டார்கள். அந்த ஒரு வரியில் நின்றிருந்தால் உங்கள் புத்தகம் கிடைத்திருக்கும்.

பட்டியல் பெரிதாகத் தரமாட்டேன். 'உருமாற்ற'த்தைத் தங்கையின் பக்கம் நின்று இன்னொரு முறை படியுங்கள். 'இவான் இலியிச்'சில் மனைவியையும் மகளையும் கொஞ்சம் கருணையோடு கவனியுங்கள், டால்ஸ்டாய் அவர்களுக்கு அதைத் தரவில்லை. 'மேடம் பொவாரி' வீட்டில் இருந்தால் மூன்றாம் பாகத்தை மட்டும், கையில் பென்சிலோடு, தொகை வருகிற இடமெல்லாம் கோடு போட்டுக்கொண்டே படித்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்