கோப்பு வரும், செய்தி வராது

போன இதழில் என்னைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தேன்: ஒரு பெரிய அதிகாரியின் அறை வாசலில், அவருடைய தனிச் செயலாளராகப் பல வருடம் உட்கார்ந்திருந்தவள் என்று. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் வந்துவிட்டன. பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. கம்பெனித் தலைவர்கள் அரசுப் பொறுப்புக்கு வந்தால் ஏன் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள், ஏன் எல்லாவற்றையும் தங்கள் கையிலேயே வைத்துக்கொள்கிறார்கள்? இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே.

கேள்வி: எக்ஸான் மொபில் போன்ற ஒரு பெரிய எண்ணெய் நிறுவனத்தையே நடத்தியவர் ரெக்ஸ் டில்லர்சன். அமெரிக்க வெளியுறவு அமைச்சரானார். ஒரு வருடம் தாண்டியதும் பதவி போய்விட்டது. அவ்வளவு பெரிய கம்பெனியை நடத்தத் தெரிந்தவருக்கு ஓர் அமைச்சகம் ஏன் பிடிபடவில்லை?
— நிர்வாகவியல் மாணவி

பதில்: டில்லர்சன் 1975இல் எக்ஸானில் இன்ஜினியராகச் சேர்ந்தவர். படிப்படியாக ஏறி 2006இல் தலைவரானார், 2016 முடியும்வரை அங்கேயே இருந்தார். நாற்பது வருடத்துக்கும் மேல் ஒரே நிறுவனம். 2017 பிப்ரவரி 1ஆம் தேதி அமைச்சராகப் பதவியேற்றார். 2018 மார்ச் 13ஆம் தேதி, அதிபர் ட்ரம்ப் ட்விட்டரில் போட்ட ஒரு பதிவில் அவருடைய பதவி போனது.

இடைப்பட்ட காலத்தில் அவர் செய்தவற்றைப் பாருங்கள். அமைச்சருடைய அலுவலகம் வாஷிங்டன் கட்டடத்தின் ஏழாவது மாடியில் இருக்கிறது. தன்னைச் சுற்றி ஒரு சிறு வட்டத்தை வைத்துக்கொண்டு, முடிவுகளை அந்த வட்டத்துக்குள்ளேயே எடுத்தார் என்பதுதான் அங்கே பணியில் இருந்தவர்கள் பலர் சொன்ன குறை. ஒரு நாட்டைப் பற்றி இருபது வருடம் படித்தவர் கீழே இருப்பார். அவர் அனுப்பிய குறிப்புக்குப் பதில் வராது. அரசு முழுவதற்கும் போடப்பட்டிருந்த ஆள் எடுப்புத் தடை 2017 ஏப்ரலில் விலக்கப்பட்டது. டில்லர்சன் மட்டும் தன் துறையில் அதைத் தொடர்ந்தார். மார்ச் மாதம் ஜப்பான், தென் கொரியா, சீனா என்று முதல் ஆசியப் பயணம் போனபோது விமானத்தில் ஒரே ஒரு நிருபரைத்தான் ஏற்றிக்கொண்டார். வெளியுறவு அமைச்சரோடு நிருபர்கள் குழுவாகப் போவது அங்கே பல காலமாக இருக்கிற வழக்கம்.

துறையை மாற்றி அமைக்க வெளியிலிருந்து ஆலோசனை நிறுவனங்களைக் கூப்பிட்டார். அவர்கள் ஊழியர்களுக்கு ஒரு கேள்வித்தாள் அனுப்பினார்கள். வெளியுறவுத் துறையிலும் அதோடு சேர்ந்த வெளிநாட்டு உதவி அமைப்பிலுமாக 35,000 பேருக்கு மேல் பதில் எழுதினார்கள். எனக்கு இந்த எண்ணைப் பார்த்தால் மனசு கனக்கிறது. சொல்வதற்கு விஷயம் வைத்துக்கொண்டு அத்தனை பேர் காத்திருந்திருக்கிறார்கள்! அவர்களில் சிலரையாவது வாரம் ஒருமுறை எதிரே உட்காரவைத்துக் கேட்டிருந்தால் போதுமே.

அதே வருடக் கடைசியில், அங்குள்ள வெளியுறவுப் பணியாளர் சங்கத்தின் தலைவர் ஒரு கணக்கை வெளியிட்டார். பணியின் உச்சப் படிநிலையில் இருந்த ஐந்து பேரில் மிஞ்சியவர் இரண்டு பேர். அதற்கு அடுத்த படியில் 33 பேர் 19 ஆகிவிட்டார்கள். வட கொரியா ஏவுகணை விட்டுக்கொண்டிருந்த அந்த 2017 முழுக்க, தென் கொரியாவில் அமெரிக்காவுக்கு முழுநேரத் தூதரே கிடையாது. பொறுப்பு அதிகாரிதான் பார்த்துக்கொண்டார்.

எல்லாவற்றையும் டில்லர்சன் தலையில் கட்டுவது நியாயமில்லை. அவர் துணை அமைச்சராகக் கேட்ட ஆளை வெள்ளை மாளிகை மறுத்தது. வட கொரியாவோடு பேச வழி பார்த்துக்கொண்டிருந்தபோது, 'நேரத்தை வீணாக்குகிறார்' என்று அதிபரே பகிரங்கமாகப் பதிவு போட்டார். மேலே ஆதரவு இல்லாத ஒருவருக்குக் கீழேயாவது இருந்திருக்க வேண்டும். அதை அவர் சேர்த்துக்கொள்ளவில்லை. துறையின் பணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை வெட்டும் திட்டத்துக்குத் தலையாட்டினார். அதை நாடாளுமன்றம் ஏற்கவில்லை. அங்கேயும் அவருக்காகப் பேச அதிகம் பேர் இல்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு நேரடியாக வருகிறேன். கம்பெனித் தலைவர் கதவைச் சாத்தினாலும் செய்தி கதவிடுக்கில் நுழைந்துவிடும். விற்பனை குறைந்தால் மாதக் கடைசிக் கணக்கில் தெரியும். சரக்கு திரும்பி வந்தால் கிடங்கு நிரம்பும். பங்கு விலை இறங்கும். ஒருவரும் வாய் திறக்காவிட்டாலும் கணக்குப் புத்தகம் பேசும். அப்படி நாற்பது வருடம் பழகியவருக்கு, 'எனக்குத் தெரியவேண்டியது என் மேசைக்கு வந்துவிடும்' என்ற நம்பிக்கை உடம்பிலேயே ஊறியிருக்கும். அரசில் அந்தக் கணக்குப் புத்தகம் இல்லை. ஒரு தூதரகத்தில் நட்பு மெல்லத் தேய்கிறது, ஓர் அலுவலகத்தில் விண்ணப்பம் போட்டவர் அலுத்துப்போய் வராமலே நின்றுவிடுகிறார். இதெல்லாம் எந்தப் பட்டியலிலும் ஏறாது. யாராவது ஓர் ஆள் வந்து சொன்னால்தான் உண்டு. அரசில் தலைவருக்குக் கோப்பு தானாக வரும். செய்தி வராது. கோப்பிலும்கூட, கீழ் மேசையில் 'ஆபத்து' என்று எழுதியது அடுத்த மேசையில் 'சிக்கல்' ஆகி, அதற்கு மேலே 'கவனிக்கத்தக்கது' ஆகி, கடைசிக் கையெழுத்துக்குப் போகும்போது ஒன்றுமே இல்லாமல் போயிருக்கும். நான் கண்ணால் பார்த்தது இது.

கேள்வி: புள்ளிவிவரங்களை வைத்து நிர்வாகம் செய்வது நல்லதுதானே? அதைப் போய் ஏன் குறை சொல்கிறீர்கள்?
— ஒரு கணக்காளர்

பதில்: நல்லதுதான் ஐயா. எண்ணைக் கொண்டு ஆளைப் பேசவிடாமல் செய்வதைத்தான் குறை சொல்கிறேன். ராபர்ட் மெக்நமாரா 1960 நவம்பரில் ஃபோர்டு நிறுவனத்தின் தலைவரானார். ஃபோர்டு குடும்பத்துக்கு வெளியிலிருந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் என்று சொல்வார்கள். சில வாரத்திலேயே கென்னடி அவரைப் பாதுகாப்பு அமைச்சராகக் கூப்பிட்டுக்கொண்டார். ஏழு வருடம் இருந்தார். விமானப் படைக்கும் கடற்படைக்கும் ஒரே மாதிரி போர் விமானம் போதும், செலவு மிச்சம் என்று முடிவு செய்தார். கார் தொழிற்சாலையில் அது நல்ல யோசனை. கப்பல் தளத்தில் இறங்க வேண்டிய விமானத்தின் தேவையே வேறு என்று கடற்படையினர் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். யாருக்கு ஒப்பந்தம் கொடுப்பது என்பதிலும் அதிகாரிகள் குழுவின் பரிந்துரையை ஒதுக்கிவிட்டுத் தானே முடிவெடுத்தார். கடைசியில், 1968இல், அந்த விமானத்தின் கடற்படை வடிவம் கைவிடப்பட்டது.

வியட்நாமில் இன்னும் மோசம். கொல்லப்பட்ட எதிரிகளின் எண்ணிக்கை முன்னேற்றத்தின் அளவுகோல் ஆனது. அளவுகோல் அதுதான் என்று தெரிந்தால் கீழே இருப்பவர்கள் எண்ணைக் கூட்டித்தான் அனுப்புவார்கள். கணக்காளரான உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. 1995இல், எண்பதை நெருங்கும் வயதில், 'நாங்கள் செய்தது தவறு, மிகப் பெரிய தவறு' என்று மெக்நமாரா எழுதினார். அதை எழுதிய நேர்மைக்காக அவர்மேல் எனக்கு மதிப்பு உண்டு.

கேள்வி: அப்படியானால் கம்பெனியிலிருந்து வந்து அரசில் பேர் வாங்கியவர் ஒருவர்கூட இல்லையா?
— ஒரு பள்ளி ஆசிரியர்

பதில்: இருக்கிறார்கள். ஜார்ஜ் ஷுல்ட்ஸ் பெக்டெல் என்ற மாபெரும் கட்டுமான நிறுவனத்தின் தலைவராக இருந்துவிட்டு 1982இல் வெளியுறவு அமைச்சரானார். ஆறரை வருடம் நிலைத்தார். அந்தத் துறையின் ஊழியர்கள் இன்றைக்கும் அன்போடு நினைப்பவர்களில் ஒருவர். அவர்களுடைய பயிற்சி வளாகத்துக்கே அவர் பெயர்தான். ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: பெக்டெலுக்குப் போகும் முன்பே நிக்சன் அரசில் தொழிலாளர் துறை, வரவு செலவுத் துறை, நிதித் துறை என்று மூன்றையும் பார்த்தவர் அவர். அரசு எப்படி மூச்சுவிடும் என்று தெரிந்துகொண்டுதான் திரும்பி வந்தார்.

புதிய தூதர் கிளம்பும் முன் ஷுல்ட்ஸ் தன் அறைக்குக் கூப்பிடுவாராம். அங்கே ஓர் உலக உருண்டை. 'உங்கள் நாட்டைக் காட்டுங்கள்' என்பார். வந்தவர் தான் போகப்போகிற நாட்டின் மேல் விரலை வைப்பார். ஷுல்ட்ஸ் உருண்டையைத் திருப்பி அமெரிக்காவைக் காட்டி, 'உங்கள் நாடு இது' என்பார். கதையின் கருத்து எல்லோருக்கும் தெரிந்ததுதான். வாசலில் உட்கார்ந்து பழகிய எனக்கு வேறொன்று கண்ணில் படுகிறது. கிளம்புகிற தூதரை அவர் தன் அறைக்குள் கூப்பிட்டிருக்கிறார், உட்கார்ந்து பேசியிருக்கிறார். அந்தத் தூதர் பின்னால் ஏதாவது நெருக்கடியில் தந்தி அடித்தால், அதை அனுப்பியவர் முகம் அமைச்சருக்குத் தெரியும். நட்பு நாடுகளிடம் பிரச்சினை இல்லாத நாளிலும் போய்ப் பேசிவருவதைத் தோட்ட வேலை என்றே அவர் சொல்லுவார். தன் கட்டடத்துக்குள்ளும் அந்த வேலையைச் செய்தார்.

கதவைத் திறந்து வைத்தவர் எல்லோரும் நிலைத்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அலுமினிய நிறுவனமான அல்கோவாவின் தலைவராக இருந்தவர் பால் ஓ'நீல். தொழிலாளர் பாதுகாப்புதான் முதல் வேலை என்று அறிவித்து அதைச் செய்தும் காட்டியவர். 2001இல் நிதி அமைச்சரானார். மனதில் பட்டதைச் சொன்னார், வரிக் குறைப்பில் அதிபரோடு ஒத்துப்போகவில்லை, 2002 டிசம்பரில் ராஜினாமா செய்யச் சொல்லிவிட்டார்கள்.

கேள்வி: எங்கள் அரசு நிறுவனத்துக்கு, ஒரு பெரிய கம்பெனியிலிருந்து புதுத் தலைவர் வந்திருக்கிறார். நேர்மையானவர், உழைப்பாளி. ஆனால் அவரைப் பார்க்கவே முடியாது. எல்லாம் அவர் கூட்டிவந்த உதவியாளர் வழியாகத்தான். சின்ன செலவுக்கும் அவருடைய ஒப்புதல் வேண்டும். ஒரு பெரிய தவறு நடக்கப்போவது எனக்குத் தெரிகிறது. என்ன செய்வது?
— பெயர் வேண்டாம்

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நான் பார்த்த மனிதரையே எழுதியிருக்கிறீர்கள்.

ஒரு தனியார் நிறுவனத்தில் பத்தொன்பது வருடம் ஒரே தலைவரிடம் இருந்தேன். அவரை ஓர் அரசு அமைப்புக்குத் தலைவராகப் போட்டபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். முதல் வாரமே இரண்டு உத்தரவு. பிரிவுத் தலைவர்களின் வாராந்தரக் கூட்டம் நேர விரயம், இனி வேண்டாம். எந்தக் கோப்பும் உதவியாளர் பார்க்காமல் உள்ளே வரக் கூடாது. ஒரு மாதத்தில் மேசை காலியானது. 'பார்த்தீர்களா அம்மா, எவ்வளவு சீக்கிரம் சரியாகிவிட்டது' என்று சந்தோஷமாகச் சொன்னார்.

உதவித்தொகை கொடுக்கும் பிரிவில் ஒரு கண்காணிப்பாளர். ஓய்வு பெற ஒரு வருடம்தான் பாக்கி. பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பெயர் பொருந்தாதவர்களுக்குப் பணத்தை நிறுத்துவதாக முடிவாகியிருந்தது. இரண்டு பழைய பதிவேடுகளிலும் ஒரே ஆளின் பெயர் வேறு வேறு மாதிரி எழுதியிருப்பது அவருக்கு மட்டும்தான் தெரியும், ஏனென்றால் அவற்றில் பாதியை எழுதியவரே அவர். மூன்று நாள் தொடர்ந்து வந்து என் மேசைப் பக்கத்தில் நின்றார். மூன்று நாளும் 'இன்று நேரம் இல்லை, எழுதிக் கொடுங்கள்' என்றேன். எழுதிக் கொடுத்தார். உதவியாளர் 'ஏற்கனவே பேசி முடித்தது' என்று எழுதித் திருப்பிவிட்டார். அடுத்த மாத முதல் தேதி ஏராளமான முதியவர்களுக்குப் பணம் போகவில்லை. எங்கள் தலைவருக்கு அது தெரிந்ததே சட்டமன்றத்தில் ஒரு கேள்வி வந்த பிறகுதான். அன்று மாலை என்னிடம் கேட்டார்: 'யாருமே ஏன் என்னிடம் சொல்லவில்லை?' அவர் நடிக்கவில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

சரி, நீங்கள் செய்யக்கூடியது. ஒரே பக்கம் எழுதுங்கள். 'கவலை அளிக்கிறது' போன்ற சொற்கள் வேண்டாம். எந்தத் தேதியில், எத்தனை பேருக்கு, என்ன நடக்கும் என்று மட்டும் எழுதுங்கள். கம்பெனியிலிருந்து வந்தவருக்குத் தேதியும் எண்ணும் உடனே புரியும். அதே பக்கத்தில் உங்களால் முடிந்த மாற்று வழி ஒன்றையும் சொல்லுங்கள், அதற்கு ஆகும் நாட்களோடு. முறைப்படி கோப்பில் சேர்த்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க வெளியுறவுத் துறையில், மாறுபட்ட கருத்தை ஊழியர் நேராக மேலே அனுப்ப 1971 முதல் தனி வழியே இருக்கிறது. வியட்நாம் போரில் பட்ட பாட்டுக்குப் பிறகு வந்தது அது. உங்கள் நிறுவனத்தின் விதிகளிலும் அப்படி ஏதாவது இருக்கலாம், தேடிப் பாருங்கள். தணிக்கைப் பிரிவு இருந்தால் அவர்களுக்கும் ஒரு நகல். பத்திரிகைக்குப் போவதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். நேர்மையானவர் என்று நீங்களே சொல்கிறீர்கள், அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்க்கலாம்.

உதவியாளரிடம் சண்டை வேண்டாம். அப்புறம், அந்த அறை வாசலில் ஒரு செயலாளர் உட்கார்ந்திருப்பார். நேரம் கேட்பதற்கு முன்னால், அந்த ஒரு பக்கத்தை அவர் கையில் கொடுத்து, 'இதை ஒரு தடவை நீங்கள் படித்துப் பாருங்கள்' என்று சொல்லுங்கள். அந்தக் கண்காணிப்பாளர் கையில் வைத்திருந்த தாளை நான் ஒரு நாளும் வாங்கிப் படிக்கவில்லை.