வழக்கு தணிந்தால் நல்லதுதானே?

கேள்வி: அப்பா போட்ட சொத்து வழக்கு சென்னை சிட்டி சிவில் கோர்ட்டில் நடந்துவந்தது. அவர் காலமாகி நாலு மாதம் ஆகிறது. கேஸ் 'அபேட்' ஆகிவிட்டது என்கிறார் வக்கீல். அகராதியில் 'தணிதல், குறைதல்' என்று போட்டிருக்கிறது. வழக்கு தணிந்தால் நல்லதுதானே?
– ஒரு வாசகர், மேற்கு மாம்பலம்

பதில்: நல்லதுதான், எதிர்த்தரப்புக்கு!

அகராதியை முதல் வரியோடு மூடிவிட்டீர்கள். மழை, காய்ச்சல், ஒலிபெருக்கி இரைச்சல் இவை அபேட் ஆனால் நிம்மதி. வரியிலும் அப்படித்தான். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வருவதற்கு முன்னால், ஏசி ஓட்டல் பில்லில் 40 சதவீதத் தொகைக்குத்தான் சேவை வரி. மீதி 60 சதவீதத்துக்கு அபேட்மென்ட், அதாவது கழிவு.

கோர்ட்டில் கதையே வேறு. அங்கே அபேட் என்றால் வழக்கு அற்றுப்போவது. வழக்கில் ஒரு தரப்பு இறந்துவிட்டால், 90 நாளுக்குள் வாரிசுகளைச் சேர்க்க மனுப் போட வேண்டும். 'எல்.ஆர். (லீகல் ரெப்ரசென்டேடிவ், அதாவது சட்டப்படியான வாரிசு) சேர்த்தாச்சா?' என்று வக்கீல் குமாஸ்தாக்கள் கேட்பது இதைத்தான். சேர்க்காவிட்டால், இறந்தவரைப் பொறுத்தவரை வழக்கு தானாகவே போய்விடும். நீதிபதி தனியாக உத்தரவு போடக்கூட வேண்டியதில்லை. வாரிசு சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீசுக்கு நடந்த நாட்களையும் யாரும் கழித்துக்கொடுக்க மாட்டார்கள். சரி, புதுசாக ஒரு கேஸ் போட்டுக்கொள்ளலாம் என்றால், அதே விவகாரத்துக்கு அதுவும் முடியாது. இந்த விதிகள் 1908-ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 22-ஆவது கட்டளையில் இருக்கின்றன; நாள் கணக்கு மட்டும் 1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டத்தில்.

கிரிமினல் வழக்கிலும் இந்தச் சொல் உண்டு. சொத்துக் குவிப்பு வழக்கில் 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது ஜெயலலிதா உயிரோடு இல்லை. அவரைப் பொறுத்தவரை மேல்முறையீடு அபேட் ஆனது. மற்ற மூவரும் சிறைக்குப் போனார்கள். 'அபேட் என்றால் விடுதலை' என்று அப்போது டீக்கடைகளில் அடித்துச் சொன்னவர்கள் உண்டு. விடுதலை என்பது குற்றமில்லை என்ற தீர்ப்பு. இது, யார்மீது தீர்ப்புச் சொல்ல வேண்டுமோ அந்த ஆளே இல்லை என்பது.

இன்னொரு குழப்பமும் நம் ஊரில் சகஜம். தற்கொலைக்குத் தூண்டியதாகப் போடுகிறார்களே, அந்த வழக்கில் வருவது அபெட்மென்ட். 'பெ' குறில். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 306, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 108. அதற்கும் உங்கள் அப்பா கேசுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். 90 நாள் தாண்டிய பிறகு, அபேட் ஆனதை ரத்து செய்யக் கேட்க 60 நாள் உண்டு. ஆக மொத்தம் அப்பா இறந்த தேதியிலிருந்து 150 நாள். நாலு மாதம் போய்விட்டது. பாக்கி இருப்பது ஒரு மாதம். இந்த இதழ் அச்சாகி மாம்பலம் வருவதற்குள் அதிலும் கொஞ்சம் தேய்ந்திருக்கும். ரத்து மனு, வாரிசு சேர்ப்பு மனு, இரண்டையும் உடனே போடச் சொல்லுங்கள். 150-ம் தாண்டிவிட்டால், தாமதத்தை மன்னிக்கக் கேட்டு மூன்றாவதாக ஒரு மனுவும் வேண்டும். அதில் தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டும். 'தணிந்தால் நல்லது என்று நினைத்தேன்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.