மைனஸ் 30-ல் கோழிக்குச் சூடா, காற்றா?

கேள்வி: எட்மன்டனில் வீட்டுக்குப் பின்னால் 4 கோழிகள் வளர்க்கிறோம். இது முதல் குளிர்காலம். ஓட்டைகளை எல்லாம் அடைத்துவிட்டு இரவில் 250 வாட் சிவப்பு பல்பு போடச் சொன்னார் கூடு விற்றவர். அடைத்துவிட்டோம், பல்பு இன்னும் போடவில்லை. ஒரு கோழிக்குக் கொண்டை நுனி கறுத்துவிட்டது. பல்பு போடலாமா டாக்டர்? அடுத்த வருஷம் ஊர்ப் பெருவிடை (சண்டைக்கோழி இனம்) இங்கே தாங்குமா?

பதில்: பல்பு வேண்டாம். அடைத்த ஓட்டைகளில் கூரையை ஒட்டியதை இன்றைக்கே திறங்கள்.

கோழியின் உடம்புச் சூடு 41 டிகிரி. இறகைச் சிலிர்த்து உட்கார்ந்தால் அதற்குள்ளேயே ஒரு கம்பளி. வறண்ட குளிரை அது தாங்கும், ஈரத்தைத்தான் தாங்காது. 4 கோழி இரவெல்லாம் விடும் மூச்சு, அப்புறம் எச்சம் (அதில் முக்கால் பங்கு தண்ணீர்), எல்லாம் மூடிய பெட்டிக்குள் எங்கே போகும்? கொண்டையில்தான் படியும், அங்கேயே உறையும். காலையில் ஜன்னலின் உள்பக்கத்தைப் பாருங்கள். வெண்பனி பூத்திருந்தால் காற்று போதவில்லை. குனிந்து, கோழி உட்காரும் உயரத்தில் மூக்கை வையுங்கள். கண் எரிந்தால் அது அமோனியா.

காற்றுவழி கூரையை ஒட்டி, கோழிகளின் தலைக்கு மேலே இருக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும் கோழி மேல் காற்று அடிக்கக் கூடாது. உட்காரும் கட்டையின் அகலமான பக்கம் மேலே இருக்கட்டும். அப்போதுதான் வயிற்று இறகு விரல்களை மூடும். தண்ணீர்ப் பாத்திரத்தை வெளியே வையுங்கள், அடியில் சூடாக்கும் தட்டு ஒன்று போதும். கறுத்த நுனியைத் தேய்க்காதீர்கள், வெட்டாதீர்கள். காய்ந்து தானாக உதிரும். கால் விரல் வீங்கினால் மட்டும் மருத்துவரிடம் போங்கள்.

போங்கள் என்று எழுதிவிட்டேன், எங்கே போவீர்கள்? முக்கியமான ஆன்டிபயாடிக் எதுவாக இருந்தாலும் 2018 டிசம்பரிலிருந்து கனடாவில் கால்நடை மருத்துவரின் சீட்டு வேண்டும். சட்டம் நல்லதுதான். ஆனால் நகரத்துக் கிளினிக்குகளில் பெரும்பாலும் நாயும் பூனையும்தான். கோழி என்றதும் போனை வைத்துவிடுவார்கள். கோழி வளர்க்க அனுமதி தருகிறவர்கள் அதற்கு உடம்புக்கு வந்தால் யார் பார்ப்பார்கள் என்று யோசிப்பதே இல்லை. கோழி பார்க்கும் மருத்துவரை இப்போதே தேடி வையுங்கள்.

பல்பை ஏன் வேண்டாம் என்றேன்? மரச்சீவலும் தூசியும் நிறைந்த இடத்தில் அது கழன்று விழுந்தால் கூடு எரியும், பக்கத்துக் கொட்டகையும் எரியும். இன்னொன்று, சூட்டுக்குப் பழகிய கோழி, மின்சாரம் போகிற இரவில் விறைத்துவிடும்.

கூடு விற்றவரிடமேதான் கோழியும் வாங்கினீர்களா? குளிர் தொடங்கும்போது 'முட்டையிடத் தயார்' என்று விற்பவர்களிடம் எனக்குத் தீராத சந்தேகம். பண்ணையில் ஒரு வருஷத்துக்கு மேல் முட்டையிட்டுக் கழிக்கப்பட்டதை இளம் விடைக்கோழி என்று தள்ளிவிடுவார்கள். கையில் தூக்கிக் காலைப் பாருங்கள். மஞ்சள் கால் இனத்தில் இளம் கோழிக்குக் கால் நல்ல மஞ்சள். முட்டையிட்டு இட்டுக் களைத்ததற்கு வெளுத்திருக்கும். முதுகிலும் கழுத்திலும் இறகு தேய்ந்து தோல் தெரியும். கம்பளி இல்லாமல் குளிருக்குள் நுழையும் கோழி அது. காலைக் காட்டத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

பெருவிடைக்கு வருவோம். வறண்ட குளிரைக் கோழி தாங்கும் என்றேனே, அதற்கு இது விலக்கு. பெருவிடைக்குக் கொண்டை சின்னது, அதனால் தாங்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். கொண்டை தப்பிக்கும், உண்மைதான். ஆனால் அதன் இறகு விறைப்பாக உடம்போடு ஒட்டியிருக்கும், அடியில் பஞ்சு குறைவு. சிலிர்த்தாலும் அதற்குள் சூடு அதிகம் தங்காது. நெஞ்சில் சிவந்த தோலே தெரியும் சில பறவைகளுக்கு. லேசான குளிரை வேண்டுமானால் சமாளிக்கலாம். மைனஸ் 30-ல் அதற்குக் குளிர் புகாமல் காப்பிட்ட அறை வேண்டும், மேலே இருந்து தொங்காத, தீ அபாயம் குறைந்த தட்டையான சூட்டுப் பலகையும் வேண்டும். அவ்வளவு செலவு செய்வதற்குப் பதில் சான்டெக்ளேர் கோழி வாங்குங்கள். 1900-களின் தொடக்கத்தில் கியூபெக்கில், ஓகா மடத்துத் துறவி ஒருவர் இந்தக் குளிருக்கென்றே உருவாக்கிய இனம். கொண்டையும் தாடியும் பெயருக்குத்தான் இருக்கும்.

இன்றிரவு காற்றுவழியை இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்து வையுங்கள். காலையில் ஜன்னலில் பனி இருந்தால் இன்னும் இரண்டு விரல்.