நகை பீரோவிலேயே இருக்கட்டும்

கேள்வி: இ.சி.இ. முடித்து ஒரு வருடம் ஆகிறது. கடைசி வருட ப்ராஜெக்டை ஆர்டுயினோ யூனோ என்ற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் செய்தேன். சென்னையில் ஒரு மையத்தில் எம்பெடட் சிஸ்டம்ஸ் (கருவிகளுக்குள் இருக்கும் சிப்புகளுக்கு ப்ரோக்ராம் எழுதுவது) கோர்ஸ் 4 மாதம், 65,000 ரூபாய், நூறு சதவீதம் வேலை உறுதி என்கிறார்கள். அப்பா நகையை அடகு வைக்கத் தயாராக இருக்கிறார். சேரலாமா? – ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: முதலில் அந்த நூறு சதவீதத்தைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். வேலை கொடுக்கப்போவது கம்பெனி, மையம் இல்லை. நேரில் போய், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பேட்ச்சின் லேபில் அரை மணி நேரம் உட்காரக் கேளுங்கள். ஆளுக்கொரு போர்டு இருக்கிறதா, இல்லை ஐந்து பேர் ஒரு போர்டைச் சுற்றி நின்று எட்டிப் பார்க்கிறார்களா? உட்காரவே விடமாட்டோம் என்றால் அதுவும் ஒரு பதில்தான். முதல் 2 மாதமும் 8051 என்றால் வேண்டாம். இன்டெல் 1980-ல் கொண்டுவந்த சிப் அது, அடிப்படை புரிய ஒரு வாரம் போதும். பாடத்தில் சி மொழி, ஏஆர்எம் கார்டெக்ஸ்-எம் வகைச் சிப், சிப்புகள் ஒன்றோடொன்று பேசும் முறைகளான யுஆர்ட், எஸ்பிஐ, ஐ-டூ-சி, வேலைகளை நேரம் தவறாமல் ஓட்டும் ஏதாவது ஒரு ஆர்டிஓஎஸ் இருக்க வேண்டும், வண்டிக் கம்பெனிப் பக்கம் போகும் எண்ணம் இருந்தால் வண்டிக்குள் எலக்ட்ரானிக் பாகங்களை இணைக்கும் கேன் பஸ்ஸும்.

அதற்கு முன்னால் வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். ஆர்டுயினோவின் ரெடிமேட் ஃபங்ஷன்களை மூட்டை கட்டிவிட்டு, யூனோவில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்பின் டேட்டாஷீட்டை (விவரக் கையேட்டை)த் திறந்து, 13-ஆம் பின்னில் இருக்கும் எல்இடியை ரெஜிஸ்டர் (சிப்பைக் கட்டுப்படுத்தும் சின்ன நினைவிடம்) வழியாக எரிய வையுங்கள். சிப்புக்குள்ளே அது போர்ட் பி-யின் 5-ஆம் பிட், பக்கத்துப் பிட்டுகளைக் கலைக்காமல் அதை மட்டும் மாற்ற வேண்டும். நாலு நாள் மண்டையை உடைத்துக்கொண்டாவது முடித்துவிட்டீர்கள், அதிலே ஒரு சந்தோஷமும் வந்தது என்றால் இந்த வேலை உங்களுக்கு ஒத்துவரும்.

இன்டர்வியூவில் சி மொழியின் 'வாலடைல்' என்ற சொல் எதற்கு என்று கேட்பார்கள். நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இன்டரப்ட் (ஓடும் வேலையை இடையில் நிறுத்திவிட்டு ஓடும் துண்டு) ஒரு ஃபிளாகை, அதாவது அடையாள வேரியபிளை, மாற்றும், மெயின் லூப் அதற்காகக் காத்திருக்கும், அவ்வளவுதான் ப்ரோக்ராம். கம்பைலரில் ஆப்டிமைசேஷன் (வேகத்துக்காகச் சுருக்குவது) போடாதவரை ஓடியது, போட்டதும் அப்படியே நின்றுவிட்டது. 2 நாள் சாலிடரிங்கைச் சந்தேகப்பட்டு போர்டைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். லூப்புக்குள் யாரும் இந்த ஃபிளாகைத் தொடவில்லையே என்று கம்பைலர் அதை ஒரே ஒரு தடவை படித்துவிட்டு மறுபடி பார்க்கவே இல்லை. ஒவ்வொரு தடவையும் புதிதாகப் படி என்று சொல்லும் 'வாலடைல்' என்ற அந்த ஒரு சொல்லை நான் எழுத மறந்திருந்தேன்.

சரி, சான்றிதழ் வேண்டும் என்றால் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் எம்பெடட் சிஸ்டம் டிசைனில் சுமார் 6 மாத டிப்ளமோ நடத்துகிறது. சி-கேட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், அங்கேயும் செலவு உண்டு. என்பிடெல் ஆன்லைன் பாடங்களைக் காசில்லாமல் பார்க்கலாம், தேர்வுக்கு மட்டும் கட்டணம்.

கேள்வி: எனக்குப் பைத்தான் மட்டும்தான் தெரியும். எம்பெடடுக்குப் போதுமா? – ஒரு வாசகர், ஓசூர்

பதில்: போதாது. ஏடிமெகா328பி போட்ட யூனோவில் மொத்த ராமே 2 கேபி, அங்கே பைத்தானுக்கு இடமில்லை. சி-யில் பாயின்டரும் பிட் கணக்கும் பழகுங்கள். பைத்தான் வீணாகாது, டெஸ்டிங் ஸ்கிரிப்ட் எழுத தினமும் கைகொடுக்கும்.