சீதை தாண்டாத கோடு
வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: கடல்பாசி எடுக்கப் போகிறவள் நான். கரை திரும்ப நேரமானால் பெரியப்பா, "கோட்டைத் தாண்டுனதாலதான சீதைக்கே அந்தக் கதி" என்கிறார். என்ன சொல்வது?
- ஒரு வாசகி, பாம்பன்

பதில்: எந்தக் கோடு என்று கேட்கலாம். வால்மீகியின் ஆரணிய காண்டத்தில் லட்சுமணன் கோடு கிழிக்கவே இல்லை. 45-ஆவது சர்க்கத்தில், அதாவது அத்தியாயத்தில், மாரீசனின் கள்ளக் குரலை நம்பிய சீதை லட்சுமணனைக் கடிந்து அனுப்புகிறாள். வனதேவதைகள் உன்னைக் காக்கட்டும் என்று சொல்லிவிட்டு அவன் போகிறான். 46-இல் ராவணன் துறவி வேடத்தில் வருகிறான். வந்த துறவியை உபசரிப்பது இல்லத்தாளின் கடமை, அதைத்தான் செய்தாள். 49-இல் தூக்கிப் போகிறான். வடக்கே ராமாயணம் பாடிய துளசிதாசரிலும் கடத்தல் காட்சியில் கோடு இல்லை. வெகு தூரம் தள்ளி, லங்கா காண்டத்தில் மண்டோதரி பேச்சில் போகிற போக்கில் வருகிறது.

பிற்காலக் கதைசொல்லிகள் கோட்டைச் சேர்த்ததும் பழி இடம் மாறிவிட்டது. அதுவரை குற்றவாளி, வேடம் போட்டு வந்தவன். பிறகு, காலை எடுத்து வைத்தவள்.

பிற்சேர்க்கை என்பதாலேயே ஒன்று தப்பாகிவிடாது. ராமேசுவரத்தில் சீதை மணலைப் பிடித்து லிங்கம் செய்த கதையும் வால்மீகியில் கிடையாது, தலபுராணம் சொல்வது. கருவறையில் இருப்பதே அவள் கைப்பட்ட லிங்கம் என்றுதான் கும்பிடுகிறோம். ஆனால் "சீதை மாதிரி நீயே செய்" என்று எந்தப் பெண்ணிடமாவது யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அடக்க உதவும் கதை மட்டும்தான் வீட்டுக்குள் பழமொழியாகிறது.

பெரியப்பாவிடம் சர்க்க எண் சொன்னால் வம்புதான் வளரும். அவர் கதையாகக் கேட்டதைக் கதையாலேயே திருப்புங்கள்: "கம்பர் பாட்டுல ராவணன் குடிசையோட பேத்துல்ல எடுத்துட்டுப் போறான், பெரியப்பா. வாசலைத் தாண்டாதவளுக்கும் அதே கதிதான?"

கேள்வி: "பொம்பளை சிரிச்சா போச்சு" என்பதற்குத் திரௌபதியைச் சாட்சிக்கு இழுக்கிறார்களே?
- ஒரு வாசகர், தேவிபட்டினம்

பதில்: சாட்சி செல்லாது. வியாசரின் சபா பர்வத்தில் துரியோதனன் தண்ணீரில் விழுந்ததும் சிரிப்பவர்கள் பீமன், அர்ச்சுனன், நகுலன், சகாதேவன். திரௌபதியும் சிரித்தாள் என்பது, பின்னால் துரியோதனன் தன் தகப்பனிடம் புகார் சொல்லும்போது சேர்வது. புகார்தாரரின் வாக்குமூலம் மட்டும் தீர்ப்பாகிவிட்டது! போர் வந்ததோ, ஐந்து ஊர்கூடத் தர மாட்டேன் என்று அவன் மறுத்ததால்.

கேள்வி: பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு மகளுக்குத் தலைப்பு "பொறுமையின் சின்னம் கண்ணகி". எப்படித் தயார் செய்ய?
- ஒரு தாய், மண்டபம்

பதில்: புகார் நகரில் இருந்தவரை பொறுத்தாள், உண்மைதான். அதோடு நிறுத்தினால் பாதிக் கதை. ஐந்து நிமிடம் இருந்தால் புகார் நகருக்கு ஒன்று போதும், மீதி நான்கும் வழக்குரை காதைக்கு, அதாவது பாண்டியன் அவையில் அவள் வழக்காடும் பகுதிக்கு. வரிசை மாறக் கூடாது: என் சிலம்பில் பரல் மாணிக்கம் என்று முதலில் அவள் சொல்கிறாள், எங்களுடையதில் முத்து என்கிறான் பாண்டியன், அதன்பிறகே உடைக்கிறாள். குழந்தைகள் பதற்றத்தில் சிலம்பை முதலிலேயே உடைத்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் அவள் வாதாடியது போய், கோபப்பட்டது மட்டும் நடுவர்கள் காதில் விழும்.