டிஜிட்டல் தெர்மாமீட்டர் பத்தே வினாடியில் காய்ச்சலைச் சொல்வது எப்படி?

பாதரசத் தெர்மாமீட்டரை மூன்று நிமிடம் வைத்திருந்தோமே, இது பத்து வினாடியில் 'பீப்' அடித்தால் நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சரியாக வைத்தால் நம்பலாம்.

நுனிக்குள் தெர்மிஸ்டர் என்ற, சூட்டை உணரும் கடுகளவு மின்பாகம் இருக்கிறது. சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். சிப் அதை டிகிரியாக மாற்றும். வேகமான மாடல்கள் சூடு முழுதாக ஏறும்வரை காத்திருப்பதில்லை. முதல் சில வினாடிகளில் ஏறும் வேகத்தைப் பார்த்து, எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் போட்டுவிடும். கொதிக்கிற சத்தத்திலேயே சோற்றுப் பதம் சொல்லும் பாட்டி மாதிரி.

நுனி நகர்ந்தால் கணக்கு தப்பும். நாக்குக்கு அடியில், உள்ளே தள்ளி ஓரமாக வைத்து வாயை மூடுங்கள். காபி குடித்த கையோடு வேண்டாம். கால்மணி நேரமாவது போகட்டும். அக்குளில் வைத்தால் வாயைவிட ஏறக்குறைய 1 டிகிரி ஃபாரன்ஹீட் குறைவாகத்தான் காட்டும்.